மண் தரையிலிருந்து டர்ஃபுக்கு

ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்தில் சௌனாமாரா என்றொரு கிராமம் இருக்கிறது. இந்திய ஹாக்கி அணிக்காக நானூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடிய திலீப் திர்க்கி அந்த ஊர்க்காரர். டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்கிலும் வெண்கலம் வென்ற அணியில் ஆடிய அமித் ரோகிதாஸும் அதே ஊர்தான். இந்திய மகளிர் அணிக்கு ஆடிய சுபத்ரா பிரதானும் அங்கிருந்து வந்தவர். ஒரு சின்ன கிராமத்துக்கு இது எப்படிச் சாத்தியமானது?

ரத்தத்தில் ஊறிய ஆட்டம் என்று சொல்லிவிடுவது எளிது. அங்கே ஆட்டம் ஊறித்தான் போயிருக்கிறது. ஜெயித்த அணிக்கு ஆட்டுக்கிடாயைப் பரிசாகக் கொடுக்கும் ஊர்ப் போட்டிகள் தலைமுறைகளாக நடக்கின்றன. மூங்கிலையும் மரக்கிளையையும் வளைத்து மட்டையாக்கி, பிள்ளைகள் வெறுங்காலில் ஆடுவார்கள். ஆனால் இந்த ஆர்வத்தை இந்திய அணிவரை கொண்டுபோகும் வழியைத் திறந்தது 1985இல் ரூர்கேலாவில் தொடங்கப்பட்ட பான்போஷ் விளையாட்டு விடுதி. சாப்பாடு, படிப்பு, தினசரிப் பயிற்சி மூன்றும் ஒரே இடத்தில், அதுவும் சொந்த மாவட்டத்துக்குள்ளேயே கிடைத்தன. மகனையோ மகளையோ ஊரைவிட்டு அனுப்பத் தயங்கும் ஏழைப் பெற்றோருக்கு இந்த அருகாமை மிக முக்கியம். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி எவ்வளவு நல்ல பயிற்சி மையம் இருந்தாலும் அந்த வீட்டுக்கு அது இல்லாததற்குச் சமம்.

வட்டாரப் பயிற்சி ஏன் சீக்கிரமே தொடங்க வேண்டும் என்பதற்கு ஆட்டத்துக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கிலிருந்து பெரிய போட்டிகள் டர்ஃப் எனப்படும் செயற்கை இழை மைதானத்துக்கு மாறிவிட்டன. மண் தரையில் பந்து எகிறும், திசை மாறும். அதைச் சமாளிக்கும் பிள்ளைக்குக் கண்ணும் மணிக்கட்டும் கூர்மையாகும். ஆனால் நிமிர்ந்து நின்று ஆடும் பழக்கமும் சேர்ந்தே வரும். தண்ணீர் தெளித்த டர்ஃபில் பந்து தரையோடு வழுக்கிக்கொண்டு சீறி வரும். முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, மட்டையைத் தரையில் படுக்கவைத்து நிறுத்தினால்தான் பந்து வசப்படும். அதைப் பிடித்த பிறகு யோசிக்க நேரம் கிடையாது. வருவதற்கு முன்பே யாருக்குத் தள்ளுவது என்று பார்த்திருக்க வேண்டும். பதினொரு வயதில் டர்ஃபில் இறங்கும் பிள்ளைக்கு இதெல்லாம் இயல்பாகப் படியும். பதினேழு வயதில் முதன்முறையாக இறங்குபவர் பழைய பழக்கத்தை உடைப்பதிலேயே பொன்னான ஆண்டுகளைச் செலவிடுவார். அதனால்தான் சுந்தர்கரின் 17 வட்டாரங்களிலும் டர்ஃப் அமைக்கும் வேலையை ஒடிசா அரசு கையில் எடுத்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. உலகக் கோப்பைக்காக ரூர்கேலாவில் எழுந்த பிரம்மாண்டமான பிர்சா முண்டா மைதானத்தைவிட, அந்தச் சின்ன மைதானங்களே பிள்ளைகளுக்கு அதிகம் பயன்படும்.

இன்று ஒடிசாவில் பயிற்சி படிப்படியாக நடக்கிறது. கிராமத்து அடிப்படை மையங்கள், அவற்றுக்கு மேலே வட்டாரப் பயிற்சி மையங்கள், உச்சியில் டாடா நிறுவனங்களுடன் சேர்ந்து 2019இல் புவனேஸ்வரில் தொடங்கிய உயர்திறன் மையம். இதில் நடுப்படிதான் கடினமானது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் யாரைத் தேர்ந்தெடுப்பது? அந்த வயதில் முன்கூட்டியே வளர்ந்துவிட்ட பிள்ளை ஓட்டத்திலும் அடியிலும் மற்றவர்களை மிஞ்சும். ஒரே வயதுப் பிரிவில் ஜனவரியில் பிறந்தவருக்கும் டிசம்பரில் பிறந்தவருக்கும் ஏறக்குறைய ஓர் ஆண்டு வளர்ச்சி வித்தியாசம். தேர்வாளர் உயரத்தைப் பார்த்து ஏமாந்தால், பந்தை நன்றாகப் படிக்கத் தெரிந்த குட்டையான பிள்ளை வீட்டுக்குப் போய்விடும். வாரம் முழுக்க உடனிருக்கும் உள்ளூர் கோச்சுக்கு இந்தத் தவறு நேரும் வாய்ப்பு குறைவு. ஒரு நாள் தேர்வு முகாமில் சொதப்பிய பிள்ளை பள்ளி மைதானத்தில் எப்படி ஆடும் என்று அவருக்குத் தெரியும்.

நல்ல கோச் இந்த வயதில் சிலவற்றைத் தள்ளியும் வைப்பார். இவன் தடுப்பாட்டக்காரன், இவள் முன்கள வீராங்கனை என்று அப்போதே முத்திரை குத்த மாட்டார். முதுகை முறுக்கி வீசும் டிராக் ஃபிளிக்கை வளரும் உடம்புக்கு அளவோடுதான் கொடுப்பார். பதினொரு பேர் ஆட்டத்துக்குப் பதிலாக சிறிய இடத்தில் ஐந்துக்கு ஐந்து பேரை ஆடவிடுவார். ஒவ்வொரு பிள்ளைக்கும் பந்து அடிக்கடி கிடைக்கும்.

நம் கோவில்பட்டியும் இதே பாடத்தின் இன்னொரு பக்கம். ஹாக்கி ஊறிய அந்த ஊரில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதி இருக்கிறது. அந்த ஊர் மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து வந்து அங்கே பயிற்சி பெற்ற கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக முதன்முதலாகக் களமிறங்கினார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தார். அரியலூர்ப் பையன் கோவில்பட்டிவரை வர வேண்டியிருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். அவ்வளவு தூரம் அனுப்ப மனமோ வசதியோ இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, பக்கத்து ஊரிலேயே ஒரு டர்ஃபும், அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கப்போகும் ஒரு கோச்சும் வேண்டும்.