முதிய பிராயத்தினரும் வைட்டமின் மாத்திரைகளும்

அறுவடை முடிந்து கையில் பணம் புரளும் மாதங்களில், வீட்டிலுள்ள பெரியவர்களுக்கென்று சத்து மாத்திரைகளும் டானிக்குகளும் வாங்கிவரும் வழக்கம் நமது கிராமங்களில் பெருகி வருகிறது. பெற்றோரிடத்துள்ள அன்பினால் செய்யும் இச்செலவு மெச்சத்தக்கதே. ஆயினும், மண்ணின் குறையை அறியாமல் உரமிடுவது எவ்வாறு வீண் செலவாகிச் சிற்சில சமயங்களில் பயிருக்கே தீங்காகுமோ, அவ்வாறே தேகத்தின் குறையை அறியாமல் மாத்திரை உண்பதும் ஆகும்.

வைட்டமின் என்னும் ஜீவசத்தின் அருமையை உலகம் அறிந்ததே அரிசியின் மூலமாகத்தான். 1890-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் ஜாவாத் தீவில் எயிக்மன் என்னும் டச்சு வைத்தியர், தீட்டிய அரிசியையே தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதையும், தவிடு நீக்காத அரிசியைக் கொடுத்தால் அவை தேறுவதையும் கண்டார். இதன்பொருட்டு 1929-ல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. குறை இருந்த இடத்தில் இச்சத்து உயிர் காத்தது. குறையில்லாத இடத்தில் அதன் பலன் யாது?

அமெரிக்காவில் 50 பிராயத்திற்கு மேற்பட்ட 25,871 பேரைக் கொண்டு ஒரு பெரும் பரீட்சை நடந்தது. அவர்களுள் பாதிப் பேருக்குத் தினந்தோறும் 2,000 யூனிட் டி வைட்டமின் கொடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோயும் மாரடைப்பும் குறையவில்லை என 2018-லும், எலும்பு முறிவும் குறையவில்லை என 2022-லும் முடிவுகள் வெளிவந்தன. அவர்களிற் பெரும்பாலோருக்கு முன்னமே அச்சத்துப் போதிய அளவு இருந்தது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு செய்த பரீட்சையிலோ, பீட்டா கரோட்டீன் உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாகக் கண்டது (1994). பீடி, சுருட்டுப் பழக்கமுள்ள பெரியவர்கள் இதனை மனத்திற் கொள்க.

ஆனால் முதியோர் மாத்திரையே உண்ணலாகாது என்பது இதன் பொருளன்று. பி-12 என்னும் சத்துத் தானியத்திலும் காய்கறியிலும் இல்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி இவற்றிலேயே உண்டு. பிராயம் ஏற ஏற இரைப்பையின் புளிப்பு நீர் குறைவதால், ஆகாரத்திலுள்ள பி-12 பிரிந்து உடலிற் சேர்வது கடினமாகிறது. மாத்திரையிலுள்ளதோ தனித்திருப்பதால் எளிதிற் சேரும். சர்க்கரை வியாதிக்கு நெடுநாள் மெட்பார்மின் உண்போருக்கும் இக்குறை நேரலாம்.

பாதம் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல், மறதி, வெளுப்பு ஆகியவை இதன் குறிகள். ‘வயதானால் அப்படித்தான்’ என்று விட்டுவிட்டால் நரம்புகள் மீளாதபடி கெட்டுவிடக்கூடும். இன்னொரு அபாயமும் உண்டு: சில டானிக்குகளிலுள்ள போலிக் அமிலம் இரத்தச் சோகையை மட்டும் மாற்றி, நரம்பின் கேட்டை வெளித்தெரியாமல் மறைத்துவிடலாம். ஆகவே இக்குறிகளுக்கு மருந்துக் கடையை நாடாது, வைத்தியரிடம் காட்டி இரத்தத்தைச் சோதித்தலே முறை. வீட்டை விட்டு வெளியே வராத முதியோருக்கு வெயில் படாமையால் டி வைட்டமின் குறைவதுண்டு. அவர்களுக்கும் இதுவே விதி.

கவனிக்க வேண்டியவை:

1. ஆகாரமே முதல் மருந்து. கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. பருப்பு, கீரை, தயிர், இயன்றால் முட்டை ஆகியவற்றை முதியோருக்குக் குறைக்கலாகாது. பல்லில்லாதவர்களுக்குக் குழைய வேகவைத்துக் கொடுக்க.

2. ஏ, டி வைட்டமின்கள் உடலிற் தங்குவன; மிகுந்தால் கேடு செய்யும்.

3. இரத்தம் உறையாதிருக்க வார்பரின் உண்போர், வைத்தியரைக் கேளாமல் கே வைட்டமின் சேர்ந்த மாத்திரைகளை உண்ணலாகாது.

4. வைத்தியரிடம் செல்லும்போது வீட்டிலுள்ள மாத்திரைகள் யாவற்றையும் எடுத்துச் சென்று காட்டுக.

கிராம அதிகாரிகள், வைத்திய முகாம் நடைபெறும் நாளை முதியோருள்ள வீடுகளுக்கு முன்னதாகவே அறிவித்து, நடக்கவியலாதவர்களை அழைத்துவர ஏற்பாடு செய்வார்களாயின் பேருதவியாகும். மண்ணைச் சோதித்து உரமிடக் கற்ற குடியானவர்கள், தம்மைப் பெற்றவர்களின் தேகத்தையும் அவ்வாறே சோதித்து, குறைந்ததை மட்டும் கொடுத்து, நெடுநாள் நலமுறப் பேணுவார்களாக.