ஒயிட்ஃபீல்டுக்கு முன் ஓர் ஏரி

பெங்களூரின் ஒயிட்ஃபீல்டு என்றதும் ஐ.டி. கம்பெனிகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் அது பயிர்த்தொழிலுக்கென்றே திட்டமிட்டுப் போட்ட ஊர். 1882-இல் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார், ஆங்கிலோ-இந்தியர்கள் குடியேறி விவசாயம் செய்ய 3,900 ஏக்கர் கொடுத்தார். அவர்களுடைய சங்கத்தின் முன்னோடி டேவிட் எம்மானுவேல் ஸ்டார்க்கன்பர்க் ஒயிட். அவர் பெயரே ஊர்ப்பெயராக நிலைத்தது. நடுவே வட்டத் திடல், சுற்றிலும் வீடுகள்; அந்த அமைப்பு ‘இன்னர் சர்க்கிள்’ என்ற பெயரில் இன்றும் இருக்கிறது.

காகிதத்தில் வட்டம் போடுவது எளிது. தண்ணீர்?

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. வற்றாத ஆறு கிடையாது. மேட்டுக்கு மேற்கே விழும் மழை காவிரிக்குப் போகும். கிழக்கே விழுவது தென்பெண்ணைக்கு. ஒயிட்ஃபீல்டு கிழக்குச் சரிவு. இங்கே நீரை நிறுத்தி வைக்காமல் பயிரும் இல்லை, ஊரும் இல்லை. அதனால் பள்ளத்தின் குறுக்கே மண்கரை போட்டார்கள். கரையின் அடியில் வயலுக்குத் தண்ணீர் விடத் தூம்பு. ஏரி நிரம்பினால் மிகுதி வெளியேறக் கோடி. அந்த மிகுதி அடுத்த ஏரிக்கு வரத்து. இப்படிச் சங்கிலியாகக் கோத்திருப்பதால் மேலே ஒரு கரை உடைந்தால் கீழ் ஏரிக்கும் ஆபத்து.

ஒயிட் வருவதற்கு எட்டு நூற்றாண்டுகளுக்கும் முன்பே இதைச் செய்துவிட்டார்கள். பக்கத்திலுள்ள காடுகோடியில் 1043-ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. முதலாம் இராசேந்திர சோழன் காலம். இராசராச வேளான் என்பவர் பட்டந்தூரில் பெரிய ஏரி வெட்டித் தூம்பு அமைத்ததையும், துர்க்கை, சேத்திரபாலர், கணபதி ஆகியோரை நிறுவியதையும் அது சொல்கிறது. ஏரி வெட்டியவர் பெயர் கல்லோடு நின்றது. நிலம் பெற்றவர் பெயர் வரைபடத்தில் ஏறியது. எனக்கு இது சரியாகப் படவில்லை.

அந்தப் பட்டந்தூர்தான் இன்றைய பட்டந்தூர் அக்ரஹாரா. 1990-களில் ஐ.டி.பி.எல். தொழில்நுட்பப் பூங்கா அங்கேதான் எழுந்தது. கட்டடங்கள் பெருகின, சரிவு மட்டும் மாறவில்லை. கிழக்குப் பெங்களூரின் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் சேர்கிறது. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் மதகைத் திறந்தால் வெள்ளை நுரை பொங்குவது அதனால்தான்.