வெப்பம் எங்கே சிக்குகிறது?

"ஆறு மாசத்துக்கு முந்தி எம்பது பாகையில வந்த தண்ணி, இப்ப அறுபத்தாறுக்கு மேல ஏறுதில்ல. உமிய அள்ளி அள்ளிக் கொட்டியும் பார்த்தாச்சு. பொயிலர் பத்தாது போல. பெரிசு ஒண்டு போடணுமா தம்பி?"

சம்மாந்துறைப் பக்கம் நெல் அவிக்கும் மில் ஒன்றை நடத்துகிற காக்கா ஒருவர் இப்படிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெல்லை ஊறவைக்கும் தண்ணீரைச் சூடாக்க அவர் ஒரு வெப்பப்பரிமாற்றி வைத்திருக்கிறார். பெரியதோர் உருளை, அதற்குள் குழாய்க் கட்டு. குழாய்க்குள்ளே கிணற்றுத் தண்ணீர் ஓடுகிறது, வெளியே நீராவி சூழ்ந்து நிற்கிறது. பதில் சொல்ல ஒரு தாளும் பேனையும் போதும். பொயிலர் வாங்கும் காசோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ மலிவு.

நீராவியிலிருந்து தொடங்குவோம். நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சும் கிடாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 30 பாகையில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீரை 100 பாகைக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 293 கிலோயூல் வெப்பம் வேண்டும். கொதிக்கத் தொடங்கிய பிறகு அதே ஒரு கிலோவை முழுவதும் ஆவியாக்க 2257 கிலோயூல் வேண்டும், அதாவது கிட்டத்தட்ட எட்டு மடங்கு. வெப்பமானியோ 100 இலிருந்து அசையாது. இதைத்தான் பள்ளிக்கூடத்தில் மறைவெப்பம் என்று படித்தோம். அந்த 2257 எங்கும் போய்விடவில்லை. ஆவி மறுபடி தண்ணீராக ஒடுங்கும் இடத்தில் முழுவதும் திரும்பி வருகிறது. கிடாரத்தின் மூடியைத் தூக்கும்போது கையில் அடிக்கிற ஆவி, கொதிநீரை விடக் கடுமையாகச் சுடுவது இதனால்தான். மில்லுக்கு நீராவி பிடித்துப்போனதற்கும் காரணம் இதுவே.

இப்போது காக்காவின் கணக்கு. விநாடிக்கு 1 கிலோ தண்ணீர், 30 பாகையில் நுழைந்து 80 பாகையில் வெளியே வர வேண்டும். ஒரு கிலோவுக்கு ஒரு பாகை ஏற்ற 4.18 கிலோயூல். ஐம்பது பாகைக்கு 209. ஆக, விநாடிக்கு 209 கிலோயூல், அதாவது 209 கிலோவாற்று. இதற்கு மணிக்கு சுமார் 333 கிலோ நீராவி ஒடுங்கினால் போதும். பொயிலர் அவ்வளவு ஆவி தருகிறது என்றால் குறை பொயிலரில் இல்லை.

பிறகு எங்கே? ஆவிக்கும் தண்ணீருக்கும் நடுவில் உள்ள வழியில்.

2013 இல் புதிய பாலம் திறக்கும் வரை கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போனவர்களுக்குப் பழைய கல்லடிப் பாலம் நினைவிருக்கும். வீதி எவ்வளவு அகலமாக இருந்தாலும் பாலம் விடுகிற அளவுக்குத்தான் வாகனம் போகும். இந்தப் பக்கம் வீதியை இன்னும் அகலமாக்கினால் வரிசைதான் நீளும். வெப்பமும் அப்படித்தான். ஆவியிலிருந்து குழாய்ச் சுவர், சுவரைக் கடந்து தண்ணீர் என்று அதன் வழியில் பல பாலங்கள். ஒவ்வொன்றும் ஒரு தடை. ஒரு சதுர மீற்றர் பரப்புக்கு அந்தத் தடைகளை, இலட்சத்தில் இத்தனை பங்கு என்ற சிறிய அலகில் எழுதிப் பார்க்கலாம். ஒடுங்கும் ஆவியின் பக்கம் 13. இரண்டரை மில்லிமீற்றர் இரும்புச் சுவர் 5. குழாய்க்குள் ஓடும் தண்ணீரின் பக்கம் 49. கூட்டினால் 67. ஒன்றை இந்த இலட்சத்தில் 67 பங்கால் வகுத்தால் ஏறத்தாழ 1500 வரும். ஒரு பாகை வேறுபாட்டுக்கு ஒரு சதுர மீற்றர் வழியே 1500 வாற்று கடக்கிறது என்பது இதன் பொருள். பொறியியலாளர் இதை மொத்த வெப்ப இடமாற்றக் குணகம் என்பார்.

அடுத்தது வெப்பநிலை வேறுபாடு. ஆவி எங்கும் 100 பாகை. தண்ணீர் நுழையும் முனையில் வேறுபாடு 70, வெளியேறும் முனையில் 20. நடுவை எடுத்து 45 என்றால் பிழை. தொடக்கத்தில் வேறுபாடு பெரிதாக இருப்பதால் தண்ணீர் வேகமாகச் சூடாகிறது. பின்பாதி முழுவதும் சிறிய வேறுபாட்டோடு இழுபடுகிறது. ஆகவே உண்மையான சராசரி 45 ஐ விடக் குறைவு. மடக்கை இங்கேதான் கைகொடுக்கிறது. 70 இலிருந்து 20 ஐக் கழித்து வரும் 50 ஐ, 70 க்கும் 20 க்கும் உள்ள விகிதமான 3.5 இன் இயற்கை மடக்கையால், அதாவது 1.25 ஆல், வகுக்க வேண்டும். விடை 40 பாகை. உயர்தரத்தில் கணிதம் படிக்கிற பிள்ளைகள் "இந்த மடக்கை எங்கே உதவும்?" என்று கேட்பதுண்டு. உமிச் செலவு கணக்கிட உதவும்.

இனி ஒரே பெருக்கல். குணகத்தைப் பரப்பாலும் வேறுபாட்டாலும் பெருக்கினால் வெப்பம். 209,000 வாற்றை 1500 ஆலும் 40 ஆலும் வகுத்தால் 3.5 சதுர மீற்றர் பரப்பு. காக்காவின் பரிமாற்றியில் அவ்வளவு குழாய் இருக்கிறது. புதிதில் 80 பாகை வந்ததும் அதனால்தான்.

இந்த ஆறு மாதத்தில் மாறியது ஒன்றுதான். கேத்தலின் அடியில் ஒட்டுகிற அதே வெள்ளைப் படிவு குழாய்களின் உட்புறத்தில் ஒரு மில்லிமீற்றர் கனத்துக்கு ஏறியிருக்கிறது. கிணற்று நீரில் கரைந்திருக்கும் சுண்ணம், சூடு படும் இடத்தில் பிரிந்து ஒட்டிக்கொள்ளும். அது வெப்பத்தைக் கடத்துவதில் இரும்பை விடச் சுமார் 25 மடங்கு மந்தமானது. ஒரு மில்லிமீற்றர் படிவு, 25 மில்லிமீற்றர் இரும்புச் சுவருக்குச் சமம். நம் அலகில் அதன் தடை 50. பழைய 67 இப்போது 117 ஆகிவிட்டது. குணகம் 1500 இலிருந்து 857 க்கு விழுந்தது. அந்த எண்ணை வைத்து வெளியேறும் தண்ணீரின் வெப்பநிலையைக் கணித்தால் 66 பாகை வருகிறது.

பெரிய பொயிலர் போட்டால்? படிவோடு போராடி 80 பாகையை எட்ட ஆவியை 128 பாகைக்கு ஏற்ற வேண்டும். அதற்கு ஆவி, வளிமண்டல அழுத்தத்தின் இரண்டரை மடங்கில் இருக்க வேண்டும். நகக்கனப் படிவுக்காக அவ்வளவு அழுத்தமும் அவ்வளவு உமியும் வேண்டுமா?

ஆவிப் பக்கத்தின் தடை வெறும் 13 தான் என்றேன். ஒடுங்கும் ஆவி அவ்வளவு தாராளமாக வெப்பத்தைக் கொடுக்கும். ஆனாலும் அது தன்னையே மறைத்துக்கொள்ளும் இயல்பும் உடையது. குழாயின் மேல் ஒடுங்கிய நீர் மெல்லிய படலமாக வழிகிறது. அடுத்து வரும் ஆவி அந்தப் படலத்தைத் தாண்டித்தான் வெப்பத்தைக் கொடுக்க வேண்டும். ஜெர்மனியரான வில்ஹெல்ம் நுசெல்ட் 1916 இல் இந்தப் படலத்தின் கனத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். இன்றும் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. படலத்தை விடக் கெட்டது காற்று. ஆவியில் அரை வீதம் காற்று கலந்து தேங்கி நின்றாலே ஒடுங்கும் வேகம் பாதியாகலாம். ஆவி ஒடுங்கிப் போக, ஒடுங்க முடியாத காற்று மட்டும் குழாயைச் சுற்றிப் போர்வையாக நின்றுவிடும். காலையில் பொயிலரைத் திறந்ததும் உருளையின் காற்றுப்போக்கி வழியே கொஞ்ச நேரம் ஆவியை வீணாக விடுகிறார்களே, அது வீணல்ல.

கொதித்தலின் குணம் வேறு. குமிழி விட்டுக் கொதிக்கும் தண்ணீரில், உலோகம் கொதிநிலையை விட எத்தனை பாகை கூடுதல் என்பதுதான் முக்கியம். அந்தக் கூடுதலை இரண்டு மடங்காக்கினால் வெப்பம் ஏறத்தாழ எட்டு மடங்கு பாயும். இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஜப்பானியரான ஷிரோ நுக்கியாமா 1934 இல் தண்ணீருக்குள் கம்பியை மின்சாரத்தால் சூடாக்கி அந்த எல்லையைக் கண்டார். சாதாரண அழுத்தத்தில், உலோகம் சுமார் 30 பாகை கூடுதலாகி, சதுர மீற்றருக்குப் பத்து இலட்சம் வாற்று அளவில் பாயும்போது குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஆவிப் படலமாகிவிடும். தண்ணீர் உலோகத்தைத் தொடாது. நன்றாகக் காய்ந்த ரொட்டிக் கல்லில் தெளித்த துளி உடனே ஆவியாகாமல் உருண்டு ஓடுவது இதே விசயம்தான். அடுப்படியில் அது வேடிக்கை. மின்சாரத்தாலோ அணு உலையாலோ சூடேறும் உலோகத்தில் அது நடந்தால், வெப்பம் போக வழியின்றி உலோகமே உருகும்.

இங்கே அந்த மில்லிமீற்றர் படிவை மறுபடி பார்க்க வேண்டும். பொயிலர் குழாயிலும் அது ஏறும். ஆனால் அங்கே புகைப் பக்கத்தின் தடை நம் அலகில் 2000 அளவு. அதோடு 50 ஐக் கூட்டினால் என்ன மாறும்? உமிச் செலவு பெரிதாக மாறாது. செலவைக் குறைக்க முதலில் துடைக்க வேண்டியது புகைப் பக்கத்துச் சாம்பலையும் கரியையும். பொயிலரில் படிவு செய்யும் கேடு வேறு. தீ நேரே படும் இடத்தில் சதுர மீற்றருக்கு ஓர் இலட்சம் வாற்று பாய்ந்தால், அந்த ஒரு மில்லிமீற்றருக்காக இரும்பு 50 பாகை கூடுதலாகச் சூடேறும். படிவு தடிக்கத் தடிக்க இரும்பு இளகி, குழாய் வீங்கி வெடிக்கும். பரிமாற்றியில் காசு போகும், பொயிலரில் உயிர் போகும். பொயிலருக்கு விடும் தண்ணீரை மென்னீராக்கியே விட வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்.

கொதித்தலும் ஒடுங்கலும் கைகோத்து நடப்பதைப் பார்க்க நமது மாவட்டத்திலேயே ஹிங்குரானை சீனி ஆலை இருக்கிறது. 100 கிலோ கரும்புச் சாற்றில் 15 கிலோ திண்மம் என்றால், அதை 60 வீதப் பாகாக்க 75 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். ஒரே பாத்திரத்தில் செய்தால் ஏறக்குறைய அவ்வளவு நீராவியும் செலவாகும். அமெரிக்காவின் லூசியானாவில் ஒரு காலத்தில் அடிமைகள் கொதிக்கும் சாற்றைத் திறந்த அண்டா விட்டு அண்டா கையால் அள்ளி ஊற்றினார்கள். அதே ஊரில் கறுப்பினத் தாய்க்குப் பிறந்த நோர்பர்ட் ரில்லியூ 1843 இல் வேறு வழிக்குக் காப்புரிமை பெற்றார். முதல் பாத்திரத்தில் எழும் ஆவியை இரண்டாவதின் குழாய்களில் ஒடுங்க விடு, அந்த வெப்பத்தில் இரண்டாவது கொதிக்கட்டும். இரண்டாவதில் அழுத்தத்தைக் குறைத்தால் கொதிநிலையும் குறையும், ஆகவே வேறுபாடு கிடைக்கும். நான்கு பாத்திரம் என்றால் 75 கிலோவுக்கு 19 கிலோ நீராவியே ஏறக்குறையப் போதும். கடைசிப் பாத்திரத்தின் வெற்றிடத்தை உண்டாக்குவதும் ஒடுங்கலே. சாதாரண அழுத்தத்தில் 1670 லீற்றர் ஆவி ஒடுங்கினால் ஒரு லீற்றர் தண்ணீர்தான் மிஞ்சும்.

காக்காவுக்குப் பொயிலர் வேண்டாம். பரிமாற்றியைக் கழற்றி, சிற்றிக் அமிலக் கரைசலை ஒரு நாள் சுற்ற விட்டு, கழுவிப் பூட்டச் சொல்லலாம். பூட்டியதும் வெப்பமானியை எழுதிக்கொள்ளச் சொல்லலாம். 80 வந்தால் குழாய் சுத்தம். 78 தான் வருகிறது என்றால் தடை 67 அல்ல, 72. அந்த ஐந்து பங்குக்குக் கணக்கு காட்டும் கனம் ஒரு மில்லிமீற்றரில் பத்திலொன்று. உருளையைத் திறக்காமலே சொல்லிவிடலாம், உள்ளே இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.