பரம்பரையில் இல்லை என்று இருந்துவிடலாமா?



கல்லாவில் அமர்ந்தும், வீட்டில் பொட்டலம் மடித்தும் நம் தொழிலைத் தாங்குபவர்கள் நம் வீட்டுப் பெண்கள். இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இன்று முதலிடத்தில் இருப்பது மார்பகப் புற்றுநோய். “எங்கள் பரம்பரையில் யாருக்கும் இல்லை, எங்களுக்கு வராது” என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். அது சரிதானா என்று பார்ப்போம்.

பெண்ணின் இரத்தத்தில் ஓடும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்பகச் செல்களில் அதற்கென்று ஒரு பூட்டு உண்டு. மருத்துவர்கள் இதை ஏற்பி என்பார்கள். சாவி பூட்டில் சேர்ந்ததும் “பெருகு” என்ற கட்டளை செல்லுக்குப் போகிறது. பெருகும்போது நேரும் பிழைகள் சேர்ந்துகொண்டே போனால் புற்றுநோய் உண்டாகிறது.

பூட்டைச் செய்யும் குறிப்பு மரபணுவில் இருக்கிறது. அது ஆளுக்கு ஆள் ஓரெழுத்து மாறியிருக்கும். 2009-ல் வெளியான ஓர் ஆய்வு, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி மரபணுவுக்கு அருகே உள்ள அப்படியொரு மாற்றம் இந்நோயோடு தொடர்புடையது என்று சீனாவின் ஷாங்காய் நகரப் பெண்களிடம் கண்டது. ஆனால் இத்தகைய மாற்றம் தராசுத் தட்டில் விழும் குந்துமணி அளவுதான். 1990-களில் கண்டறியப்பட்ட பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 மரபணுக்களில் வரும் கோளாறோ படிக்கல் போன்றது. பரம்பரைக் கோளாறால் நோய் வருவது நூறு நோயாளிகளில் ஐந்து முதல் பத்துப் பேருக்கே. மற்றவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தில் இந்நோய் இல்லாதவர்கள்.

மாதவிடாய் நின்றால் ஆபத்தும் நின்றது என்பதும் தவறு. வயது ஏற ஏற ஆபத்து கூடுகிறது. சினைப்பை ஓய்ந்த பிறகு உடற்கொழுப்பே ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கிறது. ஆகவே அந்த வயதில் உடல் பருமன் கூடாது. அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த ஹார்மோன் மாத்திரைச் சோதனை, மார்பகப் புற்றுநோய் கூடியதால் 2002-ல் நிறுத்தப்பட்டது. மருத்துவர் சொல்லாமல் அம்மாத்திரைகளை வாங்கித் தர வேண்டாம்.

நோய் வந்தாலும் இந்தப் பூட்டே வைத்தியத்துக்கு உதவுகிறது. கட்டியின் சதையைச் சோதித்து ஏற்பி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் டமாக்ஸிஃபென் போன்ற மாத்திரை தருவார்கள். அது சாவித் துவாரத்தை அடைத்துவிடும்.

கவனிக்க வேண்டியவை:

1. மார்பிலோ அக்குளிலோ கட்டி. வலி இல்லை என்று விடக்கூடாது. தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இராது.
2. தோல் குழிவது, காம்பு உள்ளிழுப்பது.
3. காம்பில் இரத்தக் கசிவு.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் “தீபாவளி வியாபாரம் முடியட்டும்” என்று நம் பெண்கள் மறைப்பார்கள். நாம்தான் கேட்க வேண்டும். கடையை ஒரு நாள் அடைத்தால் அன்றைய வியாபாரம் மட்டுமே போகும். உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.