தபால் தலை விற்ற பணம்! குடிசைகளைத் தேடி வந்த பரிசு!

திருப்பூரில் இரவு ஷிப்டு முடிகிறது. பனியன் கம்பெனியின் கதவு திறக்கிறது. டைலர்கள், கட்டிங் மாஸ்டர்கள், செக்கிங் பெண்கள், கைமடிப்பவர்கள் எல்லோரும் சாப்பாட்டுத் தூக்கோடு வெளியே வருகிறார்கள். அவரவர் வீட்டை நோக்கி நடக்கிறார்கள்.

எந்த வீடு?

பலருக்கு அது லைன் வீடு. நீளமாக ஒரே கூரை. அதன் கீழே வரிசையாக அறைகள். ஓர் அறையில் ஒரு குடும்பம். சமையல் அங்கேதான், படுக்கையும் அங்கேதான், பிள்ளைகளின் படிப்பும் அங்கேதான். தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் எல்லோருக்கும் பொது. மாதம் பிறந்தால் வாடகை. வீட்டுக்காரர் "காலி செய்" என்றால் சட்டி பானையைத் தூக்க வேண்டியதுதான்!

திருப்பூரில் முதல் பனியன் ஆலையை 1925-ம் ஆண்டில் குலாம் காதர் தொடங்கினார். இந்தியா வெளிநாட்டுக்கு அனுப்பும் பின்னலாடைகளில் பாதிக்கு மேல் இன்று இந்த ஊரிலிருந்துதான் போகிறது. உலகத்துக்கு உடுத்தத் துணி கொடுக்கும் ஊர் இது. ஆனால் அந்தத் துணியைத் தைப்பவர்களில் பலருக்குச் சொந்தமாக ஒரு சுவர் கிடையாது.

இவர்களில் பலர் பிழைப்புத் தேடி வந்தவர்கள். மதுரை, தேனி, தஞ்சை, நாகை என்று தமிழ்நாட்டின் பல பக்கங்களிலிருந்து வந்தவர்கள் உண்டு. பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்களும் உண்டு.

ஏழைக்கு வீடு கட்ட முதலில் என்ன வேண்டும்? செங்கல்லா? சிமெண்டா? கூரையா?

இந்தக் கேள்விக்கு நாகைப் பக்கத்தில் ஒரு தம்பதி விடை கண்டார்கள். அவர்களைத் தேடி, கடல் கடந்து ஒரு பரிசு வந்தது. முதலில் அந்தப் பரிசின் கதை.

தபால் தலை வியாபாரி

ஐரோப்பாவில் சுவீடன் என்று ஒரு நாடு. நோபல் பரிசு கொடுக்கும் நாடு என்றால் எல்லோருக்கும் தெரியும்.

அந்த நாட்டில் 1944-ல் பிறந்தவர் ஜேக்கப் வான் உக்ஸ்கல். தபால் தலை வியாபாரம் செய்தவர். பழைய, அரிய தபால் தலைகளை வாங்குவார், விற்பார். அதில் நல்ல பணம் சேர்ந்தது.

அவருக்கு ஒரு குறை. "விஞ்ஞானிகளுக்குப் பரிசு இருக்கிறது. எழுத்தாளர்களுக்குப் பரிசு இருக்கிறது. ஏழைகளின் துன்பத்தைத் தீர்க்க வழி காண்பவருக்குப் பரிசு இல்லையே!" என்று நினைத்தார்.

நோபல் பரிசுக்காரர்களிடம் போனார். "புதிதாகப் பரிசு வையுங்கள். நானும் பணம் தருகிறேன்" என்றார். அவர்கள் மறுத்துவிட்டார்கள்.

அவர் சோர்ந்து போகவில்லை. தம் தபால் தலைகளை விற்றார். சுமார் 10 லட்சம் டாலர் கிடைத்தது. அதை முதலாகப் போட்டு, 1980-ல் தாமே ஒரு பரிசைத் தொடங்கினார். அதன் பெயர் "ரைட் லைவ்லிஹுட்" விருது. "நேர்மையான பிழைப்பு" என்று பொருள். புத்தர் சொன்ன எட்டு நல்வழிகளில் இதுவும் ஒன்று.

பிறகு பலர் மனமுவந்து பணம் கொடுத்தார்கள். அந்த நன்கொடையைக் கொண்டே ஆண்டுதோறும் விருது வழங்கப்படுகிறது. சுவீடனின் தலைநகரம் ஸ்டாக்ஹோமில் விழா நடக்கும். பெரியவர்கள் கூடுவார்கள்; கை தட்டுவார்கள். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பரிசுப் பணத்தை வாங்குபவர் தமக்கென்று வைத்துக்கொள்ள முடியாது. அவர் செய்துவரும் பணிக்கே அது போகவேண்டும்!

மண் வீடு கட்டிய மேதை

முதல் ஆண்டிலேயே, அதாவது 1980-ல், இந்த விருது ஒரு வீடு கட்டுபவருக்குப் போயிற்று. அவர் எகிப்து நாட்டைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ஹாசன் பாத்தி.

விலை உயர்ந்த சிமெண்டும் இரும்பும் ஏழைக்கு எட்டாது என்பது அவர் கருத்து. காலடியில் கிடக்கும் மண்ணைக் கொண்டே கல் அறுத்து, குளுமையான வீடுகளைக் கட்டினார். அந்த ஊர் மக்களின் பழைய கொத்துவேலை முறைகளையே கையாண்டார்.

1988-ல் ஜான் டர்னர் என்ற ஆங்கிலேயருக்கு இந்த விருது கிடைத்தது. "தன் வீட்டைத் தானே கட்டிக்கொள்ளவும், தானே நிர்வகிக்கவும் ஏழைக்கு உரிமை வேண்டும்" என்று வாதாடியவர் அவர்.

ஒருவர் மண்ணைக் காட்டினார். மற்றவர் மனிதனின் கையைக் காட்டினார். ஆனால், வீடு கட்ட நிற்கும் இடமே தன்னுடையது இல்லை என்றால்? அந்த ஏழை என்ன செய்வான்?

இங்கேதான் தமிழ்நாட்டுத் தம்பதியின் கதை வருகிறது.

செல்வர் மகனும் கூலிக்காரர் மகளும்

கணவர் பெயர் ஜெகநாதன். ராமநாதபுரம் பக்கம், வசதியுள்ள குடும்பத்தில் பிறந்தவர். 1930-ல் காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டுக் கல்லூரிப் படிப்பை உதறினார். 1942-ல் "வெள்ளையனே வெளியேறு" போராட்டத்தில் சிறை புகுந்தார்.

மனைவி பெயர் கிருஷ்ணம்மாள். திண்டுக்கல் பக்கம், நிலமில்லாத தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் 1926-ல் பிறந்தவர். அவருடைய தாயார் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். அந்தத் தாயின் பாடு மகளின் நெஞ்சில் பதிந்துவிட்டது. கிருஷ்ணம்மாள் அந்தக் காலத்திலேயே கல்லூரியில் படித்துத் தேறினார்.

"நாடு விடுதலை பெற்ற பிறகுதான் கல்யாணம்" என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். 1950-ல் திருமணம் நடந்தது.

மறு ஆண்டு, 1951-ல், தெலங்கானாவில் போச்சம்பள்ளி என்ற நெசவாளர் ஊருக்கு வினோபா பாவே போனார். நிலமில்லாத ஏழைகள் அவரிடம் 80 ஏக்கர் கேட்டார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து, "நான் 100 ஏக்கர் தருகிறேன்" என்றார். பூதான இயக்கம் அப்படித்தான் பிறந்தது. ஜெகநாதனும் கிருஷ்ணம்மாளும் அந்த இயக்கத்தில் இறங்கினார்கள். தமிழ்நாட்டில் ஊர் ஊராக நடந்து நிலம் கேட்டார்கள்.

எரிந்த குடிசை

1968-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி இரவு.

கீழத் தஞ்சையில் கீழ்வெண்மணி என்ற சிற்றூர். விவசாயக் கூலிகள் கூலி உயர்வு கேட்டதால் தகராறு. ஆட்கள் திரண்டு வந்து தாக்கினார்கள். உயிருக்குப் பயந்து பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ஒரு சிறு குடிசைக்குள் ஓடி ஒளிந்தார்கள். அந்தக் குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. 44 உயிர்கள் கருகின!

வீடு என்றால் காப்பாற்ற வேண்டும். அந்தக் கூரை காப்பாற்றவில்லை. கீற்றும் மண்ணுமாக நின்ற கூண்டு அது.

செய்தி கேட்டுக் கிருஷ்ணம்மாளும் ஜெகநாதனும் துடித்தார்கள். மூட்டையைக் கட்டிக்கொண்டு கீழத் தஞ்சைக்கே வந்தார்கள். அந்த மக்களோடு தங்கினார்கள்.

அப்போது விவசாயக் கூலி பலரின் குடிசை நின்ற மண்கூட மிராசுதாரருக்குச் சொந்தம். எதிர்த்துப் பேசினால் வேலை போகும். வேலையோடு குடிசையும் போகும். 1971-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. விவசாயக் கூலிகள் குடியிருந்த மனையை அவர்களுக்கே சொந்தமாக்கிய சட்டம் அது.

மனை கிடைத்தது. ஆனால் வயிற்றுக்கு? உழுவதற்கு நிலம் வேண்டுமே!

ஒரு குடும்பத்துக்கு ஓர் ஏக்கர்

1981-ல் இருவரும் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். "லாப்டி" என்று அதைச் சொல்வார்கள். உழுபவனின் நில உரிமை இயக்கம் என்பது அதன் தமிழ்ப் பெயர்.

அவர்கள் செய்த வேலை இதுதான்.

நிலத்தை விற்க நினைக்கும் மிராசுதாரரையும், நிலம் இல்லாத கூலிகளையும் ஒரே இடத்தில் உட்கார வைப்பார்கள். நியாயமான விலை பேசுவார்கள். பாங்கியில் கடன் வாங்குவார்கள். நிலத்தை வாங்கி, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் என்று பிரிப்பார்கள். எல்லோரும் கூடிப் பாடுபட்டு, விளைச்சலில் கடனை அடைக்க வேண்டும்.

சொல்லச் சுலபம், செய்வது கஷ்டம். கூலிக்காரருக்குக் கடன் கொடுக்கப் பாங்கிகள் தயங்கின. பத்திரச் செலவு பயமுறுத்தியது. கிருஷ்ணம்மாள் விடவில்லை. ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கினார்.

2007 வரை கணக்கெடுத்தால், சுமார் 13 ஆயிரம் ஏக்கர் நிலம் சுமார் 13 ஆயிரம் குடும்பங்களுக்குக் கிடைத்தது. ஒரு கத்தி இல்லை. ஒரு துளி ரத்தம் இல்லை!

இன்னொரு சேதியும் உண்டு. நிலத்தைப் பெண்கள் பெயரில் எழுதினார்கள். ஆண் அவசரத்துக்கு விற்றுவிடுவான். பிள்ளைகளின் பசி அறிந்தவள் காப்பாற்றுவாள். உழைத்து ஓய்ந்த தாயைக் கண்ட கிருஷ்ணம்மாளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிலத்துக்குப் பிறகு வீடு. மழைக் காலத்தில் கரையும் மண் குடிசைகளை மாற்றி, உறுதியான வீடுகள் கட்டும் பணியில் இறங்கினார்கள். இளைஞர்களுக்குக் கொத்து வேலை, தச்சு வேலை, குழாய் வேலை கற்றுக் கொடுத்தார்கள்.

ஸ்டாக்ஹோமில் கை தட்டல்

2008-ல் "ரைட் லைவ்லிஹுட்" விருது அறிவிக்கப்பட்டது. விருது பெற்றவர்களில் ஜெகநாதனும் கிருஷ்ணம்மாளும் இருந்தார்கள். அப்போது கிருஷ்ணம்மாளுக்கு வயது 82. கணவரோ 90-ஐத் தாண்டியவர்.

தபால் தலை விற்ற ஒருவர் போட்ட விதை. முன்பின் அறியாத பலர் கொடுத்த நன்கொடை. அது கீழத் தஞ்சைச் சேற்றில் நின்ற இருவரைத் தேடி வந்தது!

ஜெகநாதன் 2013 பிப்ரவரியில் காலமானார். 2020-ல் இந்திய அரசு கிருஷ்ணம்மாளுக்குப் பத்ம பூஷண் விருது அறிவித்தது.

திருப்பூருக்கு என்ன பாடம்?

ஏழைக்கு வீடு கட்ட முதலில் வேண்டியது செங்கல் அல்ல. காலடி மண் தன்னுடையது என்று சொல்லும் ஒரு காகிதம்! அதுதான் வீட்டின் முதல் செங்கல்.

இது லைன் வீட்டில் இருப்பவருக்கும் பொருந்தும். ஏலச்சீட்டுப் போட்டு, போனஸ் பணத்தைச் சேர்த்து, பல்லடம் பக்கமோ அவிநாசி பக்கமோ இரண்டு சென்ட் சைட் வாங்கப் பலர் நினைக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வாங்கும் முன் காகிதத்தைப் பார்க்க வேண்டும். தாய்ப் பத்திரம் இருக்கிறதா? பட்டா யார் பெயரில் இருக்கிறது? வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதா? மனைக்கு அரசு அங்கீகாரம் உண்டா? அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016-ல் தடை வந்தது. பிறகு அவற்றை வரன்முறை செய்ய 2017-ல் திட்டம் வந்தது. அன்று மலிவு என்று நம்பி வாங்கியவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பெண்கள் பெயரில் வாங்கினால் ஒரு சலுகையும் உண்டு. 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். 2025 ஏப்ரல் 1-ந் தேதி முதல் இது நடைமுறைக்கு வந்தது. கிருஷ்ணம்மாள் எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே கண்ட வழி இது!

முதலாளிமாருக்கும் இதில் பாடம் உண்டு. ஊர் தோறும் விழாக்கள் நடக்கின்றன. பொன்னாடை போர்த்துகிறார்கள், கேடயம் கொடுக்கிறார்கள். பொன்னாடை பெட்டிக்குள் போகும். கேடயம் அலமாரியில் தூசி படியும். அந்த விழாவில் சேரும் பணம் ஒரு தொழிலாளியின் மனையாக, நாலு சுவராக மாறினால்? அந்த விழா ஆண்டாண்டு காலம் நிற்கும்.

இரவு ஷிப்டு முடிந்து வரும் பெண் தன் கதவைத் தானே திறக்க வேண்டும். "காலி செய்" என்று சொல்ல அங்கே யாரும் இருக்கக் கூடாது. கைதட்டலைவிட இனிமையானது, அந்தச் சாவியின் சத்தம்!