பக்கத்து நாற்காலியே வாத்தியார்

கார்னெட், டிராம்போன், டியூபா போன்ற பித்தளைக் காற்றுக்கருவிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு தடைகள் உடனே முன்னால் வந்து நிற்கும். நுரையீரலில் பலம் வேண்டும் என்பது ஒன்று, சின்ன வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டையும் இங்கிலாந்தின் வடபகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பொய்யாக்கிவிட்டது. நூற்பாலையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்தவர்கள், பெரும்பாலும் இசைக் கல்லூரியின் வாசற்படியை மிதிக்காதவர்கள், வேலை முடிந்தபின் கூடிப் பழகி, 1853 முதல் மான்செஸ்டரின் பெல்வூ பூங்காவில் ஆண்டுதோறும் போட்டியிட்டார்கள். குவீன்ஸ்பரி ஆலையில் 1855இல் உருவான பிளாக் டைக் பேண்டு இன்றும் வாசிக்கிறது. அவர்கள் கற்ற விதத்தைப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகிறது: பித்தளைக் கருவியை வயதுவாரியாகவும் தரவாரியாகவும் பிரித்து உட்காரவைத்துக் கற்பிப்பதைவிட, கலந்து உட்காரவைத்துக் கற்பிப்பதுதான் அந்தக் கருவியின் இயல்புக்குப் பொருந்துகிறது.

காரணம் கருவிக்குள்ளேயே இருக்கிறது. ஹார்மோனியத்தில் கட்டையை அழுத்தினால் அதற்குரிய ஸ்வரம் வந்தே தீரும். கார்னெட்டில் அப்படியில்லை. மவுத்பீஸில் பதிந்த உதடுதான் அதிர்கிறது. குழாய் அந்த அதிர்வைப் பெருக்குகிறது. வால்வுகள் செய்வதெல்லாம் குழாயின் நீளத்தைக் கூட்டுவதுதான். நடு வால்வு அரை ஸ்வரம் இறக்கும், முதலாவது முழு ஸ்வரம், மூன்றாவது ஒன்றரை. மூன்றையும் மாற்றி மாற்றிச் சேர்த்தால் ஏழு நீளங்கள் கிடைக்கும். டிராம்போனின் இழுகுழலிலும் அதே ஏழு இடங்கள்தான். ஆக, விரல்வேலை சீக்கிரம் பிடிபட்டுவிடும். ஆனால் ஒரே விரல்பிடியில் தாழ்ந்த ஸ்வரமும் பிறக்கும், அதற்கு மேலே நாலைந்தும் பிறக்கும். எது பிறக்க வேண்டும் என்று தீர்மானிப்பவை உதட்டின் இறுக்கமும் மூச்சின் சீரும். அவற்றை வழிநடத்துவது மனதுக்குள் முன்கூட்டியே கேட்கும் ஸ்வரம். பலத்தைவிடச் சீர்தான் இங்கே பெரிது. 1864இல் வெளிவந்த ஆர்பனின் கார்னெட் பயிற்சிநூலை இன்றும் உலகெங்கும் புரட்டுகிறார்கள். அருமையான நூல்தான். ஆனால் நல்ல நாதம் எப்படியிருக்கும் என்பதை அச்சில் கொடுக்க முடியாது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் ஊதும்போதுதான் அது காதில் ஏறும்.

அந்த நாற்காலிகளை அடுக்கிய விதத்தில்தான் பிரிட்டிஷ் பேண்டின் சாமர்த்தியம் தெரிகிறது. 1840களில் அடால்ஃப் சாக்ஸ் சிறிதும் பெரிதுமாக ஒரே குடும்பத்துக் கருவிகளைச் செய்தார். அவற்றின் வழிவந்த கருவிகளும் கார்னெட்டும் டிராம்போனும் சேர்ந்ததுதான் சுமார் 25 பித்தளைக் கருவிகள் கொண்ட இந்த பேண்டு. குட்டிக் கார்னெட்டிலிருந்து மடியில் கனக்கும் பேஸ் (டியூபா) வரை ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் டிரெபிள் கிளெஃப் என்ற ஒரே எழுத்துமுறைக் குறியில் இசை எழுதுகிறார்கள்; பேஸ் டிராம்போன்தான் முக்கியமான விதிவிலக்கு. எழுதிய ஸ்வரம் ஒன்றென்றால், எந்த வால்வுக் கருவியானாலும் விரல்பிடியும் ஒன்றே. கார்னெட் சரிப்படாத சிறுவன் டெனர் ஹார்னுக்கு மாறலாம்; உச்ச ஸ்வரங்களுக்கு உதடு ஒத்துழைக்காத பெரியவர் பெரிய மவுத்பீஸ் கொண்ட பாரிடோனுக்கோ பேஸுக்கோ போகலாம். இருவருமே அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. கார்னெட்காரர்களுக்குள்ளேயும் படிகள் உண்டு: மூன்றாம் கார்னெட்டின் பகுதி பொதுவாக எளிது. பழகப் பழக இரண்டாவதுக்கும், அதற்கு மேலும் நகரலாம். வயது கலந்து உட்காருவதும் இப்படித்தான் இயல்பாக நடந்தது: சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பின் முதல் பேண்டு 1878இல் சாலிஸ்பரியில் பிறந்தபோது அதில் இருந்தவர்கள் கட்டட வேலைக்காரரான சார்லஸ் ஃப்ரையும் அவருடைய மூன்று மகன்களும்தான்.

குழந்தையின் உடம்பும் முதியவரின் உடம்பும் ஒன்றா என்று கேட்பார்கள். ஒன்றல்ல. ஆறேழு வயதில் முன்பற்கள் விழும்போது மவுத்பீஸுக்குப் பிடிமானம் போய்விடும்; சிறிய கை டிராம்போனின் ஏழாம் இடத்தை எட்டாது; பல்செட் வைத்தவர் உதட்டைப் புதிதாகப் பழக்க வேண்டும். தொடக்கத்தில் யாருக்குமே உதடு சீக்கிரம் களைத்துவிடும் என்பதால், பத்துப் பதினைந்து நிமிடமாகப் பிரித்து ஊதுவதே நல்லது. இதெல்லாம் ஆளுக்கேற்ற பாடம் வேண்டும் என்பதற்கான காரணங்கள். தனித்தனி அறை வேண்டும் என்பதற்கு இவை காரணமாகா. புதியவர்களால் தேர்ந்தவர்கள் தேங்கிப்போவார்கள் என்ற குறையில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் பிரிட்டனில் போட்டிகளைச் சாம்பியன்ஷிப், அதன்கீழே நான்கு பிரிவுகள் என்று ஐந்து தரமாக வைத்திருக்கிறார்கள். உச்சியில் தரக் கலப்பு நின்றுவிடுகிறது; வயதுக் கலப்பு நிற்பதில்லை.

வலுவான ஆட்சேபம் வேறொன்று. மேல்ஸ்வரம் எட்டாதபோது மவுத்பீஸை உதட்டில் அழுத்துவது, கன்னத்தை உப்பவிடுவது போன்ற கெட்ட பழக்கங்கள் கூட்டத்தில் நடத்துநரின் கண்ணுக்குத் தப்பிவிடும். ஊறிப்போனால் திருத்துவது பெரும்பாடு. இதற்குத் தனிப்பாடம் தவிர வேறு மருந்தில்லை, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். பேண்டில் டிரெபிள் கிளெஃபிலேயே பழகிய டிராம்போன்காரர் ஆர்கெஸ்ட்ராவுக்குப் போனால் பேஸ் கிளெஃபைப் புதிதாகப் படிக்க வேண்டும் என்பதும் நட்டக் கணக்கில்தான் சேரும். எல்லாரையும் கலந்ததாகச் சொல்லும் இந்த மரபு பெண்களை நெடுங்காலம் வெளியே நிறுத்தியிருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

வட இங்கிலாந்தின் கிரைம்தார்ப் நிலக்கரிச் சுரங்கம் 1993இல் மூடப்பட்டது. அதற்கு முந்தைய அக்டோபரில்தான் அதன் பேண்டு லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் தேசியப் போட்டியை வென்றிருந்தது. சுரங்கம் போனபின்னும் பேண்டு வாசித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் முன்பெல்லாம் அப்பாவும் பிள்ளையும் ஒரே வேலையிடத்திலிருந்து பயிற்சி அறைக்கு வந்தார்கள். அப்படிப்பட்ட வேலையிடங்கள் மறைந்துவிட்ட ஊர்களில், கடைசி வரிசை நாற்காலிக்குப் புதியவரைத் தேடிக் கொண்டுவருவது பள்ளிகளின் தலையிலும், பேண்டுகளே நடத்தும் பயிற்சிக் குழுக்களின் தலையிலும் விழுந்திருக்கிறது.