ஏஜென்ட் வாசிக்கும் குறிப்பு

மென்பொருள்களுக்குக் கைநூல் எழுதுவது எனது தொழில். நாங்கள் எழுதுவதை யாரும் வாசிப்பதில்லை என்பது இத்தொழிலில் பழகிப்போன ஒரு பகிடி. "பட்டன அமத்திப் பாத்தா வெளங்குந்தானே நானா, இதுக்கு என்னத்துக்குப் புத்தகம்?" என்று எனது தம்பியே கேட்பான். கடந்த வருடம் எனது வசனமொன்றை எழுத்துக்கு எழுத்து நம்பிய வாசகர் ஒருவர் கிடைத்தார். அது ஒரு செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட். அந்த வசனத்திலோ பிழை இருந்தது.

இன்று பல நிறுவனங்கள் ஊழியர்களின் லெப்டொப், போன், டெப் ஆகியவற்றை மைக்ரோசொப்ட் இன்டியூன் போன்றதொரு சேவையில் பதிவுசெய்து நிர்வகிக்கின்றன. அலுவலக மின்னஞ்சல் பார்ப்பதற்காக ஊழியரின் சொந்த போன்கூடப் பதியப்படுவதுண்டு. ஒவ்வொரு சாதனத்துக்கும் அங்கே ஒரு பதிவு இருக்கும்: பெயர், இயங்குதளம், யாருடைய பாவனையில் உள்ளது, நிறுவனத்துடையதா சொந்தமா, பாதுகாப்பு விதிகளுக்கு அமைவாக இருக்கிறதா, சேவையுடன் கடைசியாக எப்போது தொடர்புகொண்டது என்றெல்லாம். குறுஞ்செய்திகள், படங்கள், அழைப்பு விபரங்கள், இணையத்தில் பார்த்தவை ஆகியன அதில் இல்லை. இதை ஊழியர்களுக்கு முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பயம் தீரும். ஏனோ எவரும் சொல்வதில்லை.

நான் குறிப்பு எழுதிய கருவி சிறியது. சாதனத்தின் அடையாள இலக்கத்தைக் கொடுத்தால், மைக்ரோசொப்ட் கிராப் வழியாக அந்தப் பதிவை எடுத்து ஏஜென்டிடம் கொடுக்கும். இவ்வாறான கருவிகளை ஏஜென்டுடன் இணைப்பதற்கு இப்போது பரவலாகப் பயன்படுவது, அந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட மொடல் கொன்டெக்ஸ்ட் புரொட்டோகோல், சுருக்கமாக எம்.சி.பி. அம்முறையில் கருவியைப் பற்றி ஏஜென்டுக்குத் தெரிவன முக்கியமாக மூன்று: பெயர், விளக்கம், என்ன உள்ளீடு வேண்டும் என்ற வரையறை. உள்ளேயிருக்கும் நிரலை அது பார்ப்பதில்லை. மனிதர் கைநூலை வாசிக்காமலும் தட்டித் தடவிக் கற்றுக்கொள்வர். ஏஜென்ட் அந்த விளக்கத்தை வைத்தே, எப்போது இக்கருவியை அழைப்பது, வந்த விடைக்கு என்ன பொருள் கொள்வது என்று தீர்மானிக்கிறது.

கடைசித் தொடர்பு நேரம் வரும் புலத்துக்கு நான் கொடுத்த விளக்கத்தைத் தமிழில் சொன்னால், "சாதனம் கடைசியாகப் பாவிக்கப்பட்ட நேரம்" என்று வரும். உண்மையில் அது சாதனம் இன்டியூனுடன் கடைசியாகப் பேசிய நேரம். வழமையாக ஏறத்தாழ 8 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பேசும். பற்றரியை மிச்சப்படுத்தும் அமைப்பு பின்னணியில் அந்தச் செயலியை நிறுத்திவிட்டால், போனை நாள் முழுதும் பாவித்தாலும் பேச்சு நடவாது.

எங்கள் வாடிக்கையாளர் நிறுவனமொன்றில் முகாமையாளர் ஒருவர், பாவனையில் இல்லாத சாதனங்கள் எவையென ஏஜென்டிடம் கேட்டிருக்கிறார். வந்த பட்டியலில் களப்பணி உத்தியோகத்தர் ஒருவரின் சொந்த போனும் இருந்தது. 19 நாட்களாகப் பாவிக்கப்படவில்லை, தொலைந்திருக்கலாம், தரவை அழித்துவிடுவது நல்லது என்று ஏஜென்ட் எழுதியிருந்தது. அங்குள்ள கணினிப் பிரிவுத் தம்பி எனக்குப் போன் எடுத்தான்.

"நானா, அந்த மிஸ் போனக் கைல வெச்சிக்கிட்டு எனக்கு முன்னுக்கு நிக்கிறா. ஒங்கட டூல் தொலஞ்சி எண்டு செல்லுது. என்ன செய்ய?"

அழிக்கும் கட்டளையை நல்லவேளையாக எவரும் கொடுக்கவில்லை. சாதனம் பதியப்பட்ட விதத்தைப் பொறுத்து, அந்தக் கட்டளை போனைத் தொழிற்சாலை நிலைக்கே கொண்டுபோய்விடும். பிள்ளைகளின் படங்களும் சேர்ந்தே போகும். ஆனால் போன் தொலைந்ததை ஏன் அறிவிக்கவில்லை என்று விளக்கம் கேட்டு அவருக்கு ஒரு கடிதம் ஏற்கனவே போயிருந்தது.

பிறகு முழு விளக்கத்தையும் உட்கார்ந்து திருப்பி எழுதினேன். தொடர்பு நேரம் பாவனை நேரமல்ல, இதை மட்டும் வைத்துத் தொலைவு, களவு, ஊழியரின் வருகை பற்றி முடிவுசெய்யாதே என்று வெளிப்படையாகவே சேர்த்தேன். அந்த நேரம் உலகப் பொது நேரத்தில் வருகிறது. நாம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தி. அங்கே இரவு 8 மணியென்றால் இங்கே மறுநாள் அதிகாலை 1.30. ஆகவே மாற்றாமல் "நேற்று" என்று சொல்லக்கூடாது. விதிகளுக்கு அமைவான நிலையைச் சொல்லும் புலத்தில் ‘தெரியாது’ என்றும், ‘சலுகைக் காலத்தில்’ என்றும் விடை வரலாம். இரண்டுமே ‘விதிமீறல்’ ஆகாது. நான் இவற்றை விளக்காமல் விட்டிருந்தேன்.

எனக்கு அதிகம் யோசனை தந்தது இன்னொன்று. பதிவை முழுதாக எடுத்தால் தொடரிலக்கம், ஐ.எம்.இ.ஐ. இலக்கம், மின்னஞ்சல் முகவரி எல்லாம் சேர்ந்து வரும். வாசிப்பதற்கான அனுமதியும் ஒரு சாதனத்துக்கென்று தனியாக வருவதில்லை. ஏஜென்ட் தன் சொந்த அடையாளத்தில் இயங்கினால், அந்த அனுமதியால் நிறுவனத்தின் எல்லாச் சாதனங்களும் திறக்கும். தேவையான புலங்களை மட்டும் கேட்டுப்பெற கிராப்பில் வழியுண்டு. அதைக் கொண்டு கேள்விக்கு வேண்டியதை மட்டும் கொடுக்குமாறு கருவியை மாற்றச் சொன்னேன். நிரலாளர்கள் முதலில் சிணுங்கினர். எனினும் எங்கள் நாட்டின் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நோக்கத்துக்கு அளவான தரவு என்பதைத்தான் கேட்கிறது. எம்.சி.பி.யில் ஒரு கருவியை ‘வாசிக்க மட்டும்’ என்று குறியிடலாம். அது வெறும் சைகைதான், பூட்டல்ல. அழிக்கும் அதிகாரத்தை ஏஜென்டுக்கு வழங்காதிருப்பதே பூட்டு.

ஒரே பெயரில் இரண்டு சாதனங்கள் இருந்தால் ஊகித்துத் தெரிவுசெய்யாமல் கேட்டவரிடமே திருப்பிக் கேட்க வேண்டும், பதிவு கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும் என்பவற்றையும் எழுதினேன்.

கடிதத்தை அந்நிறுவனம் மீளப்பெற்றது. புதிய விளக்கத்தை வெளியிடுமுன் அந்தத் தம்பிக்கே அனுப்பி வாசிக்கச் சொன்னேன். அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது.

"எல்லாம் சரி நானா. ஒரு எடத்துல ‘பெரும்பாலும்’ எண்டு போட்டீக்கிறீங்க. அத அது எப்பிடி எடுக்கும்?"

எனக்கும் தெரியவில்லை. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, எந்தெந்தச் சந்தர்ப்பங்களில் என்று ஒவ்வொன்றாக எழுதி அனுப்பினேன்.